பழைய வீட்டு வேலையை யாரிடம் கொடுப்பது, பணத்தை எப்படிக் கொடுப்பது?

கேள்வி கேட்டவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். தாம்பரம் பக்கத்தில் அவருடைய அப்பா 1993-இல் கட்டிய வீடு, தரைத்தளமும் முதல் மாடியுமாக 1,200 சதுர அடி. மொட்டை மாடியிலிருந்து கசிகிறது, மேல் படுக்கையறை சீலிங்கில் பூச்சு உதிர்கிறது, இரண்டு பாத்ரூமையும் இடித்துப் புதிதாகச் செய்ய வேண்டும், வயரிங் மாற்ற வேண்டும், கீழே டைல்ஸ், கடைசியில் பெயிண்ட். ஒரு இன்டீரியர் கம்பெனி 11 லட்சம் என்கிறது. உறவினர் சொல்லி வந்த கான்ட்ராக்டர் 7 லட்சம் என்கிறார். பக்கத்துத் தெரு மேஸ்திரி, "பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்துடுங்க, லேபர் மட்டும் மூணேகால் லட்சம்" என்கிறார். மூவருமே பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார்கள். அப்பாவுக்கு 71 வயது. வேலை நடக்கும்போதும் பெற்றோர் அதே வீட்டில்தான் இருப்பார்கள். மூவரில் யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

நீங்கள் கேட்டிருப்பது மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி போலத் தெரிகிறது. உள்ளே இருக்கும் கவலை வேறு. கட்டட வேலை தெரியாத நீங்கள், 350 கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு, வேலை தெரிந்த ஒருவர் கையில் பணத்தைக் கொடுக்கப் போகிறீர்கள். அவர் பாதியில் விட்டுப் போனாலோ மழையில் மறுபடி ஒழுகினாலோ உங்கள் கையில் என்ன பிடி இருக்கும்? அதற்குத்தான் பதில் சொல்கிறேன். நான் சிவில் படித்தவன், தென்சென்னைப் புறநகர்களில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையிலேயே பல ஆண்டுகளாக இருக்கிறேன். அளவு, சுமை, தண்ணீர் கசிவு, சட்டம் பற்றி நான் சொல்பவை உறுதியானவை. ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, பணத்தைப் பிரித்துக் கொடுப்பது பற்றிச் சொல்பவை அனுபவத்தில் வந்த என் தீர்மானங்கள். இன்னொரு இன்ஜினியர் கொஞ்சம் வேறு மாதிரி சொல்லலாம்.

முதலில், அந்த மூன்று தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். அவை ஒரே வேலைக்கான மூன்று விலைகள் அல்ல, மூன்று வெவ்வேறு வேலைகளுக்கான விலைகள். நீங்கள் அனுப்பியிருக்கும் 7 லட்சம் கொட்டேஷனில் "பாத்ரூம் வேலை, 2 எண்ணம்" என்று ஒரே வரி இருக்கிறது. பழைய டைல்ஸை உடைத்து எடுப்பது அதில் சேர்த்தியா? உடைத்த குப்பையை லாரி வைத்து ஏற்றிப் போவது யார் செலவு? வாட்டர் ப்ரூஃபிங் உண்டா, உண்டென்றால் எத்தனை கோட், சுவரில் எவ்வளவு உயரம்? பைப் எந்தப் பிராண்டு? குழாய், க்ளோசெட், ஹீட்டர் யார் வாங்குவது? டைல்ஸ் ஜாயிண்ட்டுக்குச் சாதாரண வெள்ளை சிமெண்டா, எப்பாக்ஸி என்ற பிசின் கலவையா? இவற்றுக்கு ஒரு வரியில் பதில் இல்லை. 11 லட்சம் சொன்ன கம்பெனி இதில் பலவற்றைச் சேர்த்திருக்கலாம், இல்லை வெறும் ஃபால்ஸ் சீலிங்கையும் விளக்கையும் சேர்த்துத் தொகையைக் கூட்டியிருக்கலாம். குறைவாகச் சொன்னவர் ஏமாற்றுகிறார் என்றோ அதிகம் சொன்னவர் தரமாகச் செய்வார் என்றோ இந்தத் தாள்களை வைத்துச் சொல்லவே முடியாது. எழுதாமல் விட்ட ஒவ்வொன்றும் பாதி வேலையில், இடித்துப் போட்ட பாத்ரூமோடு நீங்கள் நிற்கும்போது, "அது எக்ஸ்ட்ரா சார்" என்று திரும்பி வரும்.

அதனால் வேலைப் பட்டியலை நீங்கள் எழுதிக் கொடுங்கள். இதற்கு உங்களிடம் வேலை பிடிக்கப் போகாத ஒரு சிவில் இன்ஜினியரை, கட்டணம் கொடுத்து, ஒரு நாள் வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கான்ட்ராக்டர் கூட்டி வரும் இன்ஜினியர் வேண்டாம். அவர் அறை அறையாகப் போய் அளந்து, எதை உடைப்பது, எதை விடுவது, எந்தப் பொருள், எத்தனை சதுர அடி, எத்தனை மின் பாயிண்ட் என்று இரண்டு மூன்று பக்கத்துக்கு எழுதித் தருவார். அதே தாளை மூவரிடமும் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ரேட் மட்டும் போடச் சொல்லுங்கள். அப்போது 7-க்கும் 11-க்கும் நடுவில் இருந்த தூரம் பெரும்பாலும் குறைந்துவிடும், குறையாத இடம் எது என்பதும் வரிவரியாகத் தெரியும். இந்த ஒரு செலவை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று நான் யாரிடமும் அழுத்திச் சொல்வேன்.

பட்டியலிலேயே அளக்கும் முறையையும் எழுதிவிட வேண்டும். முடிவில் வரும் சண்டை பாதி ரேட்டால் வருவதில்லை, அளவால் வருகிறது. பூச்சிலும் பெயிண்டிலும் கதவு, சன்னல் இடத்தைக் கழிப்பதா வேண்டாமா என்பது நித்தமும் நடக்கும் தகராறு. இதற்கு இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 1200-இல் தெளிவான வழி இருக்கிறது. 0.5 சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்புகளைக் கழிப்பதில்லை. 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இரு பக்கமும் பூசினால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிப்பார்கள், சன்னலின் உள்பக்க ஓரங்களைத் தனியாகக் கூட்டமாட்டார்கள். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் இரண்டு பக்கமும் கழித்து, ஓரங்களைக் கூட்டுவார்கள். "அளவு ஐ.எஸ். 1200 படி" என்று ஒரு வரி போதும். டைல்ஸில் ஸ்கர்ட்டிங்கை, அதாவது சுவரின் அடியில் ஓட்டும் பட்டையை, சதுர அடியில் சேர்ப்பதா, நீளத்தை மட்டும் அளக்கும் ஓட்ட அடியில் தனியாகவா என்பதையும், எலெக்ட்ரிகலில் "ஒரு பாயிண்ட்" என்றால் வயர், பைப், பாக்ஸ், சுவிட்ச் எல்லாம் அடக்கமா என்பதையும் எழுதுங்கள். சாரம், மாடிக்குப் பொருள் ஏற்றும் கூலி, குப்பை அகற்றுவது, வேலைக்கான தண்ணீர் ஆகிய நான்கும்தான் கொட்டேஷன்களில் வழக்கமாக விடுபடுபவை.

அடுத்தது சீலிங். எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான், யாரிடம் வேலையைக் கொடுப்பது என்பதையே இது மாற்றிவிடக்கூடும். சீலிங்கிலிருந்து உதிர்வது வெறும் பூச்சாக இருந்தால் பெரிய விஷயமில்லை. உள்ளே கம்பி துருப்பிடித்து, துரு பருத்து, அடியில் இருக்கும் காங்கிரீட்டைத் தள்ளிவிடுவதால் உதிர்ந்தால் அது வேறு கதை. வெறும் புகைப்படத்தைப் பார்த்து இரண்டில் எது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சின்ன சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். வெற்றோசை வரும் இடத்தில் ஓரிடத்தை உடைத்து, கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உதிர்ந்த இடத்தில் பழுப்புக் கறையோ, கம்பி ஓடும் திசையில் நேர்கோடாக விரிசலோ இருந்தால் கம்பித் துரு என்றுதான் எடுத்துக்கொள்வேன். அப்படியானால், தளர்ந்த காங்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பி ரொம்பத் தேய்ந்திருந்தால் கூடுதல் கம்பி கட்ட வேண்டும். "லேசா கொத்திப் பூசிடலாம்" என்று சொல்பவர் பூசுவது சில மழைக்காலங்களுக்குள் மறுபடி விழும், விழும்போது கனமான துண்டாக விழும். இன்ஜினியர் வந்து பார்க்கும்வரை அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம் என்று இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இதோடு ஒட்டியது மொட்டை மாடி. அந்தக் காலத்து வீடுகளில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி, அதற்கு மேல் தட்டோடு என்னும் தட்டையான ஓடு பதித்திருப்பார்கள். தட்டோட்டின் இணைப்புகள் விட்டுப்போனால் கசியும். இதற்குச் சிலர் எளிய வழி சொல்வார்கள்: இருப்பதை எடுக்காமல் அதன் மேலேயே 3 அங்குலம் காங்கிரீட் போட்டுச் சரிவு பண்ணிவிடலாம் என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 அங்குலக் காங்கிரீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 180 கிலோ. உங்கள் 600 சதுர அடி மாடிக்கு அது 10 டன்னுக்கு மேல். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு என்று தரக் குறியீடு எடுத்துக்கொள்ளச் சொல்லும் சுமையே சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். கம்பி துருப்பிடித்திருக்குமோ என்று நாம் சந்தேகப்படும் தளத்தின் தலையில் இந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது. பழைய சுருக்கியை எடுத்துவிட்டு, தளத்தைக் காயவிட்டு, விரிசலை அடைத்து, வாட்டர் ப்ரூஃபிங் செய்து, பிறகு சரிவும் கூலிங் டைல்ஸும் போடுவதே சரி. செலவு கூடத்தான் ஆகும். மூன்று கொட்டேஷன்களிலும் "டெரஸ் வேலை" என்றுதான் இருக்கிறது. எடுத்துப் போடுவதா, மேலேயே போடுவதா என்று யாரும் எழுதவில்லை. தொகைகளுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தில் பெரிய பங்கு இங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1993-இல் கட்டிய ஒரு மாடி வீடு என்றால் பில்லர் இல்லாமல், 9 அங்குலச் சுவர்களே தளத்தைத் தாங்கும் வீடாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹாலைப் பெரிதாக்க இந்தச் சுவரை எடுத்துவிடலாம் என்று கம்பெனிக்காரர் வரைபடத்தில் காட்டியிருப்பதாகச் சொல்கிறீர்கள். எந்தச் சுவர் தளத்தைத் தாங்குகிறது என்று இன்ஜினியர் எழுத்தில் கொடுக்காமல் ஒரு செங்கலைக்கூட எடுக்க விடாதீர்கள். பைப் பதிக்கச் சுவரில் போடும் காடியையும் (நீளப் பள்ளம்) மெஷினால்தான் வெட்ட வேண்டும். நாலரை அங்குலச் சுவரில் படுக்கைவாட்டில் நீளமாக வெட்டக் கூடாது.

சரி, யாரிடம் கொடுப்பது? லேபர் கான்ட்ராக்ட் மோசமான வழியில்லை. பொருளின் தரம் உங்கள் கையில் இருக்கும், பல நேரம் செலவும் குறையும். ஆனால் அதில் தினமும் ஒருவர் ஓடியாடிப் பொருள் வாங்க வேண்டும். எம்.சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) லோடு வந்தால் வண்டியிலேயே அளந்து 100 கன அடிக்கு ஒரு யூனிட் என்று கணக்குப் பார்க்க வேண்டும். பூச்சுக்கான நைசு மணலான பி.சாண்ட் வந்திருக்கிறதா, காங்கிரீட் மணலையே கொட்டிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கு நான்கு கலவையில், அரை அங்குலத் தடிமனுக்கு, 100 சதுர அடி பூச்சுக்குச் சுமார் ஒரு மூட்டை சிமெண்ட் ஆகும் என்ற கணக்கை வைத்து, மூட்டைகள் எங்கே போகின்றன என்று கவனிக்க வேண்டும். ஒரு பொருள் வரத் தாமதமானால் ஆட்கள் சும்மா உட்காருவார்கள், இல்லையென்றால் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். 71 வயது அப்பாவின் தலையில் இதை வைக்க முடியாது. நீங்கள் இரண்டு மாதம் விடுப்பு எடுத்து வந்து உட்கார முடிந்தால் மட்டும் மேஸ்திரி வழியை யோசியுங்கள்.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது நடுவழி. மாடி, சீலிங், பாத்ரூம், பூச்சு ஆகியவற்றைச் சிமெண்ட், மணல், பைப், வாட்டர் ப்ரூஃபிங் பொருளோடு சேர்த்து ஒரே கான்ட்ராக்டரிடம் கொடுங்கள். டைல்ஸ், குழாய்கள், க்ளோசெட், சுவிட்ச், பெயிண்ட் போன்ற கண்ணுக்குத் தெரியும் பொருட்களை நீங்களே கடையில் தேர்ந்தெடுத்து வாங்கி இறக்குங்கள். டைல்ஸை அளவை விட 10 சதவீதம் கூடுதலாக, எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண்ணும் ஷேடும் பார்த்து வாங்கிவிடுங்கள். பின்னால் தேடினால் அதே ஷேடு கிடைக்காது. பாத்ரூமில் மட்டும் ப்ளம்பிங், வாட்டர் ப்ரூஃபிங், டைல்ஸ் மூன்றையும் தனித்தனி ஆளுக்குப் பிரித்துக் கொடுக்காதீர்கள். கீழே ஈரம் வந்தால் டைல்ஸ்காரர் ப்ளம்பரைச் சொல்வார், ப்ளம்பர் வாட்டர் ப்ரூஃபிங்காரரைச் சொல்வார், உடைத்துப் பார்க்கும் செலவு உங்களுடையதாகிவிடும்.

எலெக்ட்ரிகலைத் தனியாகக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, சொல்லப்போனால் அதையே விரும்புவேன். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுக்கும் தகுதிச் சான்று வைத்திருக்கும் கம்பியாளரா என்று கேட்டு, சான்றைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அந்தக் கால வீடுகள் பலவற்றில் விளக்கு, ஃபேன் பாயிண்ட்டுகளுக்கு எர்த் வயரே இழுத்திருக்க மாட்டார்கள். பழைய ப்யூஸ் கட்டைகளை எடுத்துவிட்டு எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) மட்டும் மாட்டினால் ஆளைக் காப்பாற்றாது. மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும், அதற்கு முன்னால் எர்த் நன்றாக இருக்க வேண்டும். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்று பட்டியலிலேயே எழுதிவிடுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, அண்மையில் முடித்த பளபளப்பான வேலையைக் காட்டுவார்கள். அதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. இரண்டு மழைக்காலம் கடந்த ஒரு வேலையைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டில் பாத்ரூமின் கீழ்ப்பக்க சீலிங்கையும், மாடிக் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் ஓரத்தையும் பாருங்கள். வீட்டுக்காரரிடம் "நல்லா பண்ணினாரா" என்று கேட்காதீர்கள், யாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். "முடிஞ்சப்புறம் ஏதாவது ரிப்பேர்னு கூப்பிட்டீங்களா, எத்தனை நாள்ல வந்தார், சொன்ன தொகைக்கும் முடிஞ்ச தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம்" என்று கேளுங்கள். அங்கே வேலை செய்த டைல்ஸ் ஆட்களும் ப்ளம்பரும் இன்னும் இவரோடு இருக்கிறார்களா என்பதும் முக்கியம். நீங்கள் பார்க்கும் வேலை கான்ட்ராக்டரின் கை இல்லை, அந்த ஆட்களின் கை. ஒரே நேரத்தில் எத்தனை சைட் ஓடுகிறது என்று கேட்டால் நேராகப் பதில் சொல்பவரை நான் நம்புவேன். உறவினர் சொன்னார் என்பதற்காக ஒரு சலுகையும் வேண்டாம். அந்த வழியில் வந்தவரிடம்தான் எழுதி வாங்கக் கூச்சப்படுவோம்.

இனி பணம். பாதித் தொகையை முன்பணமாகக் கொடுக்கவே கூடாது. எந்த நாளில் அவர் வராமல் நின்றாலும், அதுவரை கொடுத்த பணத்தை விடச் செய்து முடித்த வேலையின் மதிப்பு கொஞ்சமாவது கூடுதலாக இருக்க வேண்டும். இந்த நிலை இருக்கும்வரை பிடி உங்கள் கையில் இருக்கும். பெரிய முன்பணம் பல நேரம் உங்கள் வீட்டுக்குப் போகாது. அவருடைய இன்னொரு சைட்டில் நிலுவையில் இருக்கும் கூலிக்கும் பொருளுக்கும் போய்விடும், உங்கள் வேலைக்கு அடுத்தவரின் முன்பணத்தை எதிர்பார்ப்பார். அவர் கெட்ட ஆளாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, இந்தத் தொழில் பெரும்பாலும் அப்படித்தான் உருட்டிக்கொண்டு ஓடுகிறது. அதே சமயம், சனிக்கிழமை அவர் பணம் கேட்பதைத் தப்பாக எடுக்காதீர்கள். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்றைக்குத்தான் கூலி, அதைத் தள்ளிப்போட அவரால் முடியாது. அந்த வாரம் நடந்த வேலைக்கு மேல் போகாமல், அந்தக் கட்ட வேலைக்கென்று பிரித்த தொகையிலிருந்தே சனிக்கிழமைப் பணத்தைக் கொடுங்கள். அந்தப் பணத்தை நம்பித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. கணக்கில் கறாராக இருங்கள், செய்த வேலைக்கான கூலியை ஒரு நாளும் இழுத்தடிக்காதீர்கள்.

நான் வழக்கமாகச் சொல்லும் பிரிவு இது. தொடக்கத்தில் 10 சதவீதம், அதுவும் சாரமும் முதல் லோடு பொருளும் வந்து இறங்கும் நாளில். பிறகு மாடி முடிந்து, தண்ணீர் தேக்கிக் கசிகிறதா என்று பார்த்ததும் ஒரு பங்கு, சீலிங்கும் பூச்சும் முடிந்ததும் ஒரு பங்கு, ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒரு பங்கு. கடைசி 10 சதவீதத்தில் பாதியைச் சின்னச் சின்னக் குறைகள் எல்லாம் தீர்ந்து சாவி கைக்கு வரும்போது கொடுங்கள். மீதிப் பாதியை ஒரு வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே எழுதிவிடுங்கள். இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள். மாடிக்கும் பாத்ரூமுக்கும் மட்டும் நிறுத்தி வைக்கிறேன் என்று இறங்கி வரலாம், அதற்குக் கீழே போக வேண்டாம். எல்லாப் பணமும் வங்கி வழியாகவோ யு.பி.ஐ.யிலோ போகட்டும், எதற்கு என்று ஒரு வார்த்தை குறிப்பில் இருக்கட்டும்.

எக்ஸ்ட்ரா வேலை வரத்தான் செய்யும். பழைய சுவரை உடைத்தால் உள்ளே துருப்பிடித்த ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இருக்கும், யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. அதற்காக மொத்தத் தொகையில் 15 முதல் 20 சதவீதத்தைத் தனியே ஒதுக்கி வையுங்கள், ஆனால் அப்படி ஒரு தொகை இருப்பதைக் கான்ட்ராக்டரிடம் சொல்ல வேண்டாம். எக்ஸ்ட்ரா எதுவாக இருந்தாலும் படத்தோடும் ரேட்டோடும் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்து, நீங்கள் "சரி" என்று எழுதிய பிறகுதான் கை வைக்க வேண்டும் என்பது விதியாக இருக்கட்டும். அப்பாவிடமும் இதைப் பக்குவமாகப் பேசிவிடுங்கள். வேலையாட்கள் அவரிடம்தான் "ஐயா, இதையும் மாத்திடலாமா" என்று கேட்பார்கள், அவரும் நல்லெண்ணத்தில் தலையாட்டுவார், முடிவில் அது பில்லாக வரும். வேறொரு பொறுப்பை அவரிடம் கொடுங்கள்: அன்றன்று யார் யார் வந்தார்கள், என்ன பொருள் இறங்கியது என்று ஒரு நோட்டில் எழுதுவது, மாலையில் இரண்டு படம் எடுத்து அனுப்புவது. அவர் கட்டிய வீடு, அவருக்கும் அது பிடிக்கும்.

மூடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன, அந்த நாட்களில் மட்டும் அந்த இன்ஜினியரையே மறுபடி வரச் சொல்லிக் கட்டணம் கொடுங்கள். சுவருக்குள் போகும் தண்ணீர் பைப்புகளை, பூசுவதற்கு முன் கை பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பாத்ரூம் தரையில் வாட்டர் ப்ரூஃபிங் முடிந்ததும் அவுட்லெட்டை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழ் சீலிங்கைப் பார்த்த பிறகே டைல்ஸ் போட வேண்டும். மாடிக்கும் அதேதான். பைப்பும் வயரும் ஓடும் சுவர்களை, பக்கத்தில் டேப்பைப் பிடித்து அளவு தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஒரு ஆணி அடிக்கக்கூட அது உதவும். புதுக் காங்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவதில் அவசரம் கூடாது. இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட், அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காய விடக்கூடாது என்கிறது காங்கிரீட்டுக்கான தரக் குறியீடு ஐ.எஸ். 456. பூச்சுக்கு ஒரு வாரமாவது வேண்டும். பெயிண்டைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை: சுவர் நன்றாக உலர்ந்த பிறகு பட்டி பார்க்கச் சொல்லுங்கள், ஈரச் சுவரில் பார்த்த பட்டி எந்தக் கம்பெனிப் பெயிண்டானாலும் உரிந்துவிடும்.

சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். புது அடுக்குமாடிக்கு இருப்பது போல ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் 5 ஆண்டுப் பொறுப்பு இதற்கும் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது வீடு கட்டி விற்பவருக்கானது, உங்கள் வீட்டுப் பழுது வேலை அதற்குள் வராது. உங்களுக்குப் பொருந்துவது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஒப்புக்கொண்ட வேலையைக் குறையாகச் செய்தாலோ பாதியில் விட்டாலோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் அங்கே பேசப்போவது உங்கள் வேலைப் பட்டியலும், இருவரும் கையெழுத்திட்ட தாளும், பணம் போன கணக்கும், படங்களும்தான். நாள் கூலிக்கு ஆள் வைத்து நீங்களே மேற்பார்த்துச் செய்த வேலைக்கு இந்த வழி எளிதில் திறக்காது. வழக்கு முடியக் காலம் பிடிக்கும் என்பதால், நிறுத்தி வைத்த அந்தக் கடைசித் தொகைதான் நடைமுறையில் அதைவிட வேகமாக வேலை செய்யும்.

வேலையின் வரிசை மேலிருந்து கீழாக இருக்கட்டும்: மாடி, சீலிங், மேல் பாத்ரூம், வயரிங், பூச்சு, கீழ் பாத்ரூம், தரை டைல்ஸ், பெயிண்ட். இரண்டு பாத்ரூமையும் ஒரே நேரத்தில் உடைக்க விடாதீர்கள். ஆட்கள் இருக்கும்போதே இரண்டையும் உடைத்துவிட்டால் வேகம் என்பார்கள், உங்கள் அம்மாவும் அப்பாவும் எங்கே போவார்கள்? ஒன்று முழுதாகப் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் அடுத்தது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், அதற்காக இரண்டு வாரம் கூடினால் கூடட்டும். மாடியை அக்டோபருக்கு முன் முடித்தாக வேண்டும். சுருக்கியை எடுத்துவிட்டுத் திறந்து கிடக்கும் தளத்தில் பருவமழை விழுந்தால் இப்போது இருப்பதைவிட மோசமாகிவிடும். இன்ஜினியர் பார்த்து, பட்டியல் எழுதி, மூவரும் ரேட் போட்டுத் தர ஒரு மாதம் ஆகும். தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். செப்டம்பர் இறுதிக்குள் மாடியை முடித்துத் தண்ணீர் கட்டிப் பார்க்க நாள் போதவில்லை என்று தோன்றினால், இந்த ஆண்டு விரிசல்களை மட்டும் தற்காலிகமாக அடைத்து, சீலிங்குக்குக் கீழே இன்ஜினியர் சொல்லும் இடத்தில் முட்டுக் கொடுத்துவிட்டு, முழு வேலையையும் பொங்கல் முடிந்து ஆரம்பியுங்கள்.